நுவே யின் அசையாமல் உட்கார்ந்த கதை

பர்மாவில், மௌல்மேன் சந்தை முக்கில் மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் நுவே யின், அடுப்பில் மீன் குழம்பு கொதிப்பதற்கு முன்னால் தான் கொதித்துவிடுவாள். கொத்தமல்லி வாடியிருந்தால் கத்துவாள். வாடாமல் இருந்தால் விலையைச் சொல்லிக் கத்துவாள். பக்கத்தில் டீக்கடை போட்டிருக்கும் திரி என்கிற எனக்குக் காது செவிடாகாதது முன் ஜென்மப் புண்ணியம். போன மழைக்காலத்தில் கரண்டியும் கையுமாகச் சரிந்து விழுந்தாள்.

"ரத்தக் கொதிப்பு ஏறிக் கெடக்கு. மாத்திரைய ஒழுங்கா சாப்பிடுங்க. கோபத்தக் குறைக்கத் தியானக் கூடத்துல போய் உக்காருங்க," என்றார் டாக்டர்.

"நான் வாய மூடிட்டு உக்காந்தா சந்தையே தூங்கிப் போயிரும்டி திரி," என்று என்னிடம் அலுத்துக்கொண்டாள். ஆனாலும் போனாள். துணைக்கு நானும் போனேன்.

முதலில் கண்ணை மூடினால் அவளுக்கு மீன்தான் தெரிந்ததாம். வயிறு எழும்புவதையும் தாழ்வதையும் பார்க்கச் சொன்னார் பிக்கு. எது குறுக்கே வந்தாலும் அதன் பெயரைச் சொல்லிப் பார்த்துவிட்டு விடச் சொன்னார். மெல்லப் பிடிபட்டது. கடைக்குத் திரும்பியவள், கிண்ணத்தை உடைத்தவனைப் பார்த்து, "கோபம், கோபம்," என்று முணுமுணுத்தாள். அவன் பயந்து ஓடியே போனான். நல்ல தூக்கம் வந்தது. கொதிப்பும் இறங்கியது. மாத்திரையையும் அவள் விடவில்லை. அசடு இல்லை அவள்.

பௌர்ணமியன்று கூடத்தில் சபதம் எடுத்து உட்காருவோம். ஒரு மணி நேரம் கை கால் அசைக்கக் கூடாது. அசைந்தவர் தலை மறுநாள் சந்தையில் உருளும். நுவே யின் தாங்கமாட்டாள் என்று கூடத்துக்கு வரும் மீன்காரிகள் முன்கூட்டியே கேலி செய்திருந்தார்கள்.

அந்த முறை பாதியில் எனக்குக் கால் மரத்துப்போனது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணைத் திறந்துவிட்டேன். பக்கத்தில் அவள் முகம் வெளுத்துக் கிடந்தது. கழுத்தெல்லாம் வேர்வை. உதடு மட்டும் அசைந்தது: "வலி... வலி... வலி..."

பேசக் கூடாத இடத்தில், "அடிப்பாவி, எங்கடி வலிக்குது?" என்று கத்தினேன்.

"நெஞ்சுல," என்றாள், கண்ணைத் திறக்காமலே. "பேசாம இரு. வந்த வலி தானா போயிரும்."

"வலி போகாதுடி, நீதான் போயிருவ!"

நாலு பேராகத் தூக்கி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

பிழைத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கைமீறிப் போயிருக்கும் என்றார் டாக்டர். பார்க்க வந்த பிக்குவிடம் அவள் என்மேல் புகார் வேறு சொன்னாள். "கொஞ்ச நேரந்தான் சாமி பாக்கி. இந்தத் திரி கெடுத்துட்டா!"

"வலியப் பாருன்னுதானம்மா சொன்னேன், சாகச் சொன்னேனா?" என்றார் அவர்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "எந்திரிச்சா, நான் மாறவே இல்லன்னு சிரிப்பாங்களேன்னு பயந்தேன் சாமி."

உடம்பு தேறியதும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு மறுபடி உட்கார ஆரம்பித்தாள், இப்போது நாற்காலியில். அடுத்து வந்த பௌர்ணமியில் கூடமே அசையமாட்டேன் என்று சபதம் சொன்னது. அவள் மட்டும் சந்தைக் குரலில், "நெஞ்சு வலிச்சா நான் எந்திரிச்சிருவேன்!" என்றாள்.

நல்ல காரியத்தை ஆமோதிக்கும் எங்கள் வழக்கப்படி, "சாது, சாது, சாது," என்று முதலில் குரல் கொடுத்தது அந்த மீன்காரிகள்தான்.