ஷாம்பு அழுகை

தொலைக்காட்சித் தொடர்களில் யார் செத்தாலும் அழுவதற்குக் கூப்பிடுவது அவளைத்தான். படப்பிடிப்பில் ‘அழுகாச்சி அக்கா’ என்றால்தான் தெரியும். யார் யாருக்கோ சித்தியாகவும் பக்கத்து வீட்டுக்காரியாகவும் வருடக்கணக்கில் அழுதிருக்கிறாள். வசனம் ஒன்றுகூடக் கிடைத்ததில்லை.

கண்ணீர் வரவழைக்கும் கிளிசரின் அங்கே உண்டு, கதாநாயகிக்கு. கும்பலில் உட்காருபவர்கள் கண்ணீரைச் சொந்தச் செலவில் கொண்டுவர வேண்டும். கண்ணீரிலும் மேல் கீழ் பார்க்கிற தொழில் அது. அதனால் அவள் ஒரு ஷாம்பு பாக்கெட்டை இடுப்பில் செருகி வருவாள். கேமரா திரும்புமுன் விரல்நுனியில் ஒரு சொட்டு எடுத்து கீழிமையில் ஓர் இழுப்பு. கொட்டும். மற்ற பெண்களும் அவளைப் பார்த்துப் பழகிக்கொண்டார்கள்.

ஒருநாள் காலையில் வலது கண் திறக்கவில்லை. கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார்.

“கண்ணுல என்னம்மா போட்டீங்க?”

“ஷாம்பு சார்.”

“தெரியாம பட்டுடுச்சா?”

“தெரிஞ்சேதான் சார். தொழிலு.”

டாக்டர் விளக்கை அணைத்தார். பிறகு சொன்னார்: நுரைக்காக ஷாம்புவில் சேர்ப்பது, பாத்திரம் கழுவும் சோப்பில் இருக்கும் அதே வகைச் சரக்கு. பிசுக்கைப் பெயர்த்தெடுப்பது அதன் வேலை. கண்ணைக் காக்கும் மெல்லிய படலத்துக்கும் தலைப்பிசுக்குக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. கருவிழி புண்ணாகியிருக்கிறது, இனியும் போட்டால் பார்வை போய்விடும்.

வீட்டில் கணவர், “திருஷ்டியா இருக்கும்” என்றார்.

“என்னைப் பாத்து யாருங்க கண்ணு போடப்போறா? நான் எப்பவும் மூணாவது வரிசை.”

கண் ஆறியதும் வந்த முதல் வேலை, ஒரு மாமனார் சாவு. அவள் நேராகப் படப்பிடிப்பு மேனேஜரிடம் போனாள்.

“சார், எனக்கும் ரெண்டு சொட்டு கிளிசரின் குடுங்க. டாக்டர் ஷாம்பு கூடாதுன்னுட்டார்.”

“அது மேடத்துக்கும்மா. முடியலன்னா சொல்லு, வேற ஆள் பாத்துக்கறேன்.”

அவள் திரும்பிவந்து உட்கார்ந்தாள். டாக்டர் சொன்னதைப் பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னாள். பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கப்போன ஒருத்தி அப்படியே நிறுத்தினாள்.

கேமரா ஓடியது. கதாநாயகி பொலபொலவென்று அழுதாள். அவளுக்குப் பின்னால் ஏழு பெண்கள் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் பஸ் வரவில்லை.

பிணம் ஒரு கண்ணைத் திறந்தது. “ஏம்மா, அவ்வளவு கெட்டவனா நான்?”

“நீங்க நல்லவர்தான் அண்ணே. கிளிசரின்தான் வரல.”

“இதுங்கள அனுப்பிட்டு வேற ஆள்...” என்று ஆரம்பித்தார் மேனேஜர்.

“ஏழு பேருக்குமா?” என்றார் இயக்குநர். “சாயங்காலத்துக்குள்ள இந்த வாடகை வீட்டைக் காலி பண்ணணும்யா. குடுத்துத் தொலை.”

பாட்டில் வந்தது. எல்லாரும் கையை நீட்டினார்கள். அவள் அதை வாங்கி, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பொடியெழுத்தில் போட்டிருந்ததை முதலில் நிதானமாகப் படித்தாள். அதுவரை மாமனார் சாகாமல் காத்திருந்தார்.