போகையில் ஒரு கையெழுத்து, வருகையில் ஒரு கையெழுத்து

செஞ்சியிலிருந்து வரும் காலை பஸ் திண்டிவனத்தில் எங்கள் பள்ளிக்கூட வாசலில் நிற்பதில்லை. அன்று நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"சார், நம்ம டைம் கீப்பரு பூட்டாரு சார். ஞாயித்துக்கெழம பூசைக்குக் கெளம்ப சொக்கா மாட்டிக்கினு இருந்தாராம். நெஞ்சப் புடிச்சிக்கினு ஒக்காந்தாரு, அவ்ளோதான்."

சொல்லிக்கொண்டே ஒரு கவரை என் கையில் திணித்தார். விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது. நான் முதல் மணி அடித்ததுகூடத் தெரியாமல் வாசலிலேயே நின்றேன்.

கவருக்குள் இருந்தது செஞ்சி சங்கீத சபையின் கடிதம். காலமான டைம் கீப்பர் சவரிமுத்துவுக்கு அனுதாபக் கூட்டம் நடத்துகிறார்களாம். தலைவர் அவருடைய படத்தைச் சபை மண்டபத்தில் திறந்து வைக்கிறாராம். சபையின் பழைய காரியதரிசி என்ற முறையில் நான் நாலு நல்ல வார்த்தை எழுதி அனுப்ப வேண்டுமாம், கூட்டத்தில் படிப்பார்களாம். எழுதுகிறேன். நல்ல வார்த்தை சவரிமுத்துவுக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கு என்னிடம் இருப்பது வேறு.

சவரிமுத்துவை உங்களுக்கெல்லாம் தெரியும். செஞ்சி பஸ் நிலையத்தில், புளியமரத்தடித் தகரக் கொட்டகையில், காதில் பென்சிலும் கையில் டிரிப் ஷீட்டுமாக உட்கார்ந்திருந்த மனிதர். ஆனால் உங்களில் பலர் அவரிடம் பேசியது "பஸ் எப்போ?" என்ற இரண்டு வார்த்தை மட்டும்தான். அதற்கு மேல் அவரிடம் என்ன இருந்தது என்பதைத் தெரிந்துகொள்ளும் சிரமத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

யுத்த காலத்தில் பெட்ரோல் இல்லை. பஸ்கள் கரியில் ஓடின. திண்டிவனத்தில் ரயிலைவிட்டு இறங்கித் திருவண்ணாமலைக்குக் கச்சேரி செய்யப் போகும் வித்வான்கள் எல்லாரும் அந்தக் கரி பஸ்ஸில்தான் போக வேண்டும். செஞ்சிக்கு வருவதற்குள் வண்டி மூச்சிரைத்து நின்றுவிடும். பின்னால் இருக்கும் டிரம்மைத் திறந்து, சாம்பலைக் கிளறித் தள்ளி, புதுக்கரி கொட்டி, கைப்பிடியைச் சுற்றிக் கனலை மூட்டிக் கிளப்ப முக்கால் மணி நேரமாவது ஆகும். அந்த முக்கால் மணி நேரம்தான் சவரிமுத்துவுக்குக் கிடைத்த சபை.

மேல்சித்தாமூர்க்காரர் ஒருவர் கடையில் வாங்கிய சிவப்புத் துணி அட்டை நோட்டு ஒன்று அவரிடம் இருந்தது. வித்வானை பெஞ்சில் உட்கார வைப்பார். சோடா வாங்கிக் கொடுப்பார். பிறகு நோட்டையும், பஸ்காரர்கள் வைத்திருக்கும் ஊதாப் பென்சிலையும் நீட்டுவார். வெறும் கையெழுத்து போதாது. அன்று பாடப்போகும் ராகம் ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் அதே பஸ் திரும்பி வரும்போது அதே தாளின் பின்பக்கத்தைக் காட்டுவார். "பாடனீங்களா?" என்று கேட்பார். பாடியிருந்தால் "பாடினேன்" என்று எழுதி மறுபடி ஒரு கையெழுத்து. டிரிப் ஷீட்டில் போகும் நேரம் முன்பக்கம், திரும்பும் நேரம் பின்பக்கம் என்று எழுதிப் பழகிய கை அல்லவா? போன வண்டி திரும்பி வந்தால்தான் அவருக்கு ஒரு டிரிப் முடிந்த மாதிரி.

ஏன் இந்தப் பாடு என்று ஒருமுறை கேட்டேன். "கச்சேரி கோயிலுக்குள்ள நடக்குது சார். நான் வேதக்காரன், உள்ள போவ முடியாது. கல்யாண ஊட்டுக் கச்சேரின்னா பந்தலுக்கு வெளிய நிக்கச் சொல்லுவாங்க, அதுக்கும் எனக்கு லீவு கெடையாது. கேக்கத்தான் குடுத்து வைக்கல. பாடனாங்களான்னாவது தெரிஞ்சிக்கலாம் இல்ல?" என்றார். எதிரே காபி கிளப்பில் கிராமபோன் பிளேட் ஓடும். மாதா கோயில் பூசையில் அவர்தான் ஆர்மோனியம் வாசிப்பார். அவருடைய சங்கீத ஞானம் முழுவதும் இந்த இரண்டிலிருந்து வந்தது. ராகம் கண்டுபிடிப்பதில் எங்கள் சபையின் முன்வரிசை முழுவதும் சேர்ந்தாலும் அவருக்கு ஈடாகாது. காரியதரிசியாக இருந்தவன் சொல்கிறேன்.

ஒரு பெரிய வித்வான், பட்டங்கள் பெயரைவிட நீளம், போகும்போது தோடி என்று எழுதிவிட்டுப் போனார். திரும்பி வந்தவர் கேள்விக்குக் காத்திராமல் நோட்டை வாங்கி "பாடினேன்" என்று எழுதப் போனார். பின் சீட்டில் அவருடைய மிருதங்கக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை சவரிமுத்து பார்த்துவிட்டார். நோட்டை மெதுவாக இழுத்துக்கொண்டார். "பாடாதத எழுதக் கூடாதுங்க. அடுத்த தபா வரும்போது எழுதலாம்." வித்வானுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் அடுத்த வருஷம் திரும்பும்போது பஸ் நிற்பதற்குள் அவரே தலையை வெளியே நீட்டி, "ஓய் டைம் கீப்பர், பாடிட்டேன்! கொண்டா நோட்டை!" என்று கத்தினார்.

இன்னொரு நாள் அமாவாசை. மேல்மலையனூருக்குப் போகும் கூட்டம் கூடை, கோழி, கைக்குழந்தை சகிதம் வண்டியை மொய்த்துவிட்டது. ஒரு பாடகரின் தம்புராவை மேலே மூட்டைகளோடு கட்டச் சொன்னார் டிரைவர். "அது இன்னா நெல்லு மூட்டையா?" என்று சவரிமுத்து கத்திய கத்தலில் கூட்டமே அடங்கியது. கோழிக்கூடை வைத்திருந்த ஒரு அம்மாளைச் சீட்டில் உட்கார வைத்து, அவள் மடியில் தம்புராவின் குடத்தை வைத்தார். "புள்ளய வச்சிக்கிற மாதிரி வச்சிக்கோம்மா. ஆத்தா உனக்குக் கொறை வைக்க மாட்டா." கோழி டிரைவர் காலடிக்குப் போனது. தம்புரா ஒரு கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்தது.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

சபையின் ஆண்டு விழாவுக்கு ஜில்லாவின் பெரிய அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. மண்டபம் வெறிச்சென்று இருக்கிறது, சுவரில் ஏதாவது வேண்டும் என்றார் தலைவர். தலைவரின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அதையும் வெட்டிச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்வார். சவரிமுத்துவின் நோட்டைப் பற்றி அவரிடம் சொன்னவன் நான். என் வாய் சும்மா இருக்கவில்லை. "ரெண்டு நாள் வாங்கி வாரும், மேஜை மேல் வைப்போம்" என்றார் அவர். நான் போய்க் கேட்டேன். "உங்க கைக்குத் தரேன் சார். வேற கைக்கு இல்ல" என்றார்.

என் கைக்கு வந்தது. நான் அதைத் தலைவர் கையில் கொடுத்தேன். பெரிய மனிதர் கேட்கும்போது என் கை தானாக நீண்டது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

விழா அன்று மண்டபத்துக்குள் நுழைந்தேன். மேஜை மேல் நோட்டு இல்லை. சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டங்கள், ஒவ்வொன்றின் மேலும் சாமந்தி மாலை. இருபத்து மூன்று கையெழுத்துகளைக் கத்தரியால் வெட்டி எடுத்து, அட்டையில் ஒட்டி, தலைவரின் வீட்டுக்கு வித்வான்கள் விஜயம் செய்தபோது அன்புடன் அளித்தவை என்று கீழே எழுதியும் வைத்திருந்தார்கள். அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு வந்தார்.

சவரிமுத்துவும் வந்திருந்தார். அழைப்பு இருந்தால்தான் நாற்காலி. அவருக்கு அழைப்பு அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு வாசற்படியில் நின்றிருந்தார். அதிகாரி நகர்ந்ததும் உள்ளே வந்தார், முதல் சட்டத்தின் கீழ் விளிம்பைப் பிடித்துச் சுவரிலிருந்து கொஞ்சம் விலக்கி, குனிந்து பின்னால் எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பின்பக்கம் இன்னா ஆச்சு சார்?"

தலைவர்தான் பதில் சொன்னார். "பின்பக்கமா? நல்லாப் பசை தடவி ஒட்டியாச்சுப்பா. நூறு வருஷம் ஆனாலும் பிரியாது."

தாளைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று, வெட்டி ஒட்டிய தலைவர் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பாடப்போகிறேன் என்றது சுவரில் தொங்குகிறது. பாடினேன் என்றது பசைக்குள் போய்விட்டது. அதுவும் ஊதாப் பென்சில்; ஈரம் பட்டால் கரைந்து பரவிவிடும். இன்று அந்தச் சட்டங்களுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் நிமிர்ந்து பாருங்கள். கையெழுத்துகளுக்குப் பின்னால் ஊதாக் கறை தெரிகிறதே, பழசாகிவிட்டதால் வந்தது என்று நினைத்திருப்பீர்கள். கரைந்துபோன "பாடினேன்" அது.

சவரிமுத்து "சரிங்க" என்றார். படியிறங்கி நடந்தார். நான் பின்னாலேயே ஓடிப் பஸ் நிலையம் வரை போனேன். எல்லார் முன்னாலும் கேட்டுவிடலாம் வாருங்கள், நான் துணைக்கு நிற்கிறேன் என்றேன். "விடுங்க சார், திருவண்ணாமலை வண்டி வர்ற நேரம்" என்றார். அந்தப் பொறுமையை எல்லாரும் பெருமையாகப் பேசுவீர்கள். எனக்கு அதன் மேலும் கோபம்தான். அவர் ஒரு வார்த்தை வைதிருந்தால் நான் அன்றே காரியதரிசி வேலையை உதறியிருப்பேன். அவர் வையவில்லை. நான் இன்னும் ஒரு வருஷம் அந்தப் பதவியில் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை. யுத்தம் முடிந்து பெட்ரோலும் வந்துவிட்டது. பஸ் ஐந்து நிமிஷம்தான் நிற்கும். திரும்பி வருகிற வித்வான்களிடம் ஜன்னலோரமாகப் போய் "பாடனீங்களா?" என்று மட்டும் கேட்பார். அவர்கள் தலையாட்டுவார்கள். இவர் விசில் கொடுப்பார்.

எனக்குத் திண்டிவனத்துக்கு மாற்றலான அன்று, தலைவர் வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்த அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். "உங்க கைக்குத்தான் குடுத்தேன். உங்க கையிலயே இருக்கட்டும் சார்." அதை அன்பாகச் சொன்னாரா, குத்திக்காட்டிச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இரண்டும் எனக்குத் தகும்.

நோட்டில் இருபத்து மூன்று ஓட்டைகள். ஒரே ஒரு தாள் மட்டும் முழுசாக இருக்கிறது. அது ஒரு பாடகியுடையது. "குடும்பப் பெண்கள் வர்ற மண்டபம், இவ கையெழுத்து எதுக்கு?" என்று தலைவர் ஒதுக்கிவிட்டாராம். அந்த அம்மாளின் குலத்தைக் கேவலமாக நினைத்ததால் அந்தத் தாள் பிழைத்தது.

அந்தத் தாள் எழுதப்பட்டபோது நான் அதே பஸ்ஸில் இருந்தேன். முன்பக்கத்தில் சஹானா என்று எழுதிவிட்டுப் போனவர் அவர். மறுநாள் காலை, கொட்டும் மழை. கரி நனைந்து வண்டி கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. சவரிமுத்து நோட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார்.

"பாடனீங்களாம்மா?"

"இல்லைங்க. பந்தல் ஒழுகிச்சு. பாதியில நிறுத்திட்டாங்க."

இவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நகரப் போனார். அந்த அம்மாள் கூப்பிட்டார். "இருங்க. நோட்டை உள்ள வச்சுக்குங்க, நனையப் போகுது. பாடிட்டு எழுதறேன்."

பஸ்ஸுக்குள்ளேயே, ஜன்னலோரச் சீட்டில் உட்கார்ந்தபடி, தம்புராகூட இல்லாமல் ஆரம்பித்தார். பின்னால் டிரைவர் கைப்பிடியைச் சுற்றுகிற சத்தம் கரகரவென்று வந்தது. சவரிமுத்து கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். வண்டியைத் தாமதப்படுத்துகிறவனை மன்னிக்கவே மன்னிக்காத டைம் கீப்பர், வண்டியைத் தானே நிறுத்தினார். மழையில் நனைந்துகொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, கடைசிவரை கேட்டார். அவர் வாழ்நாளில் ஒரு கச்சேரிப் பாடகரின் வாயிலிருந்து நேராகக் கேட்ட சங்கீதம் அது ஒன்றுதான். அன்றைய டிரிப் ஷீட்டில், தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில், "பாட்டு" என்று எழுதினார். கரி நனைந்தது என்று எழுதியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கம்பெனியிலிருந்து கண்டித்து ஓலை வந்தது.

அந்தத் தாளின் பின்பக்கத்தில் அந்த அம்மாள் எழுதியிருப்பது இது: "அங்கே பாடவில்லை. மழை. செஞ்சியில் பாடினேன்."

சவரிமுத்துவின் நினைவாக என்னிடம் இருப்பது இந்த ஒரு தாளும் இருபத்து மூன்று ஓட்டைகளும். மண்டபத்துக்கு வேண்டுமென்று யார் கேட்டாலும் தர மாட்டேன். அவர் என் கைக்குத்தான் கொடுத்தார். ஒருமுறை நீட்டிய கை இனி நீளாது. அவருடைய படத்தை அந்தச் சட்டங்களுக்கு நடுவே மாட்டாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மாட்டித்தான் தீருவீர்கள் என்றால் முதலில் அந்தச் சட்டங்களைக் கழற்றுங்கள்.

இந்தக் கட்டுரையைத் தாளின் ஒரு பக்கத்தில்தான் எழுதியிருக்கிறேன். கூட்டத்தில் இதைப் படிக்கப் போகிறவர், கடைசித் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் "படித்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மறுநாள் காலை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். தலைவர் முகத்தைப் பார்த்துப் படிக்காமல் விட்டால் "படிக்கவில்லை" என்று எழுதுங்கள். செய்யாததைச் செய்ததாக மட்டும் எழுத வேண்டாம். நான் பள்ளிக்கூட வாசலில் நின்று வாங்கிக்கொள்கிறேன்.