ஜூலியையும் உபவாசம் இருக்க வைத்தோம்

கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி நான் எழுதப்போவதெல்லாம் கோபம்.

அவனியாபுரத்தில் வீட்டோடு சேர்ந்து எனக்கு ஒரு லேத் பட்டறை. நான் முன்கோபி என்பது தெருவுக்கே தெரியும். ஜூலி எங்கள் பட்டறை நாய். ஒன்பது வருஷம் வாசலில் படுத்துக் காவல் காத்தவள், ஒருவரையும் கடித்ததில்லை. 2003-ல் பொங்கல் முடிந்த வாரம் அவள் முன்னங்கால் வீங்கியது. ஜல்லிக்கட்டுக் கூட்டத்தில் எவனோ மிதித்துவிட்டான் என்று நினைத்து மஞ்சள் பத்துப் போட்டேன். மாசி வந்தும் வீக்கம் வற்றவில்லை.

கால்நடை டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எலும்பில் புற்றுநோய், நுரையீரல் வரைக்கும் பரவிவிட்டது என்றார்.

"குணமாக்க முடியாதுண்ணே. ஆனா வலியில்லாம வச்சுக்கலாம். இந்த வலி மாத்திரை காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. வெறும் வயித்துல மட்டும் கொடுத்துராதீங்க. மனுஷ மாத்திரை எதையும் வாங்கிப் போட்டுராதீங்க."

எனக்கு அந்த முதல் வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது. குணமாகாது என்று சொல்ல இவர் யார் என்று பொங்கிக்கொண்டு வந்தேன். மாத்திரை டப்பாவை அலமாரியில் போட்டுவிட்டு எங்கள் ஜெபக்கூட்டத்து மூப்பரிடம் போனேன்.

மூன்று நாள் உபவாச ஜெபம் என்று முடிவானது. மூப்பர் ஒரு நிபந்தனை வைத்தார்.

"வீட்டுல உள்ள எல்லா சீவனும் இருக்கணும் தம்பி. பைபிள்ல நினிவே பட்டணத்துல ஆடு மாடே உபவாசம் இருந்துச்சு."

ஜூலியின் தட்டைக் கழுவிக் கவிழ்த்தோம். சாப்பாடு இல்லை, அதனால் மாத்திரையும் இல்லை. இதை நாங்கள் பக்தி என்று நினைத்தோம். இப்போது எழுதும்போதும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

இரண்டாம் நாள் அவளால் படுக்க முடியவில்லை. மெல்லத் தணிவாள், கால் தரையில் பட்டதும் எழுந்துவிடுவாள். ஓடாமலே மூச்சிரைத்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். ஊளையிட்டிருந்தால் எனக்குப் புத்தி வந்திருக்கும். அவள் சத்தமே போடவில்லை.

மூன்றாம் நாள் மதியம் பட்டறை நிறைய ஆள். கைதட்டிப் பாடினோம். மூப்பர் அந்த வீங்கின காலைப் பிடித்து அழுத்தி, எழுந்து நட என்று கட்டளையிட்டார். துடித்துத் திரும்பியவள், பக்கத்தில் இருந்த என் கையைக் கடித்துவிட்டாள். கடித்த மறுகணமே அந்தக் கையை நக்கினாள்.

"இந்த வீட்டுல விசுவாசம் பத்தலை," என்றார் மூப்பர்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ரத்தம் வடிகிற கையோடு தகரக் கூரையைப் பார்த்துக் கத்தினேன்.

"சுகம் வேணாம்ப்பா. அற்புதம் வேணாம். இவ சித்த நேரம் படுக்கணும், அம்புட்டுத்தான். இந்த வலியை எடுக்க உமக்கு மனசு வரலையா?"

என் மனைவி எஸ்தர்தான் பேசினாள்.

"ஆண்டவரை எதுக்குங்க வையுறீங்க? மாத்திரை அலமாரியில இருக்கு. அவரு எப்பவோ கொடுத்துட்டாரு. அதைப் பூட்டி வச்சுட்டு மூணு நாளா கொடு கொடுன்னு நாமதான் கேட்டுக்கிட்டு இருக்கோம்."

யாருடைய அனுமதியையும் கேட்காமல் அவளே போய்த் தயிர்ச்சோறு பிசைந்து, மாத்திரையை உள்ளே வைத்து ஊட்டினாள். கொஞ்ச நேரத்தில் ஜூலி மெதுவாகத் தணிந்தாள். காலை நீட்டிப் படுத்தாள். ஒரு பெரிய மூச்சு விட்டுக் கண்ணை மூடினாள். நான் கேட்டது அதைத்தான், அது கிடைத்துவிட்டது. அழுதுகொண்டே மூப்பரை வெளியே போகச் சொன்னேன்.

அடுத்த நாளே டாக்டரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். வலி வந்தபிறகு ஓடக்கூடாது, வருவதற்கு முன்னாலேயே நேரம் தவறாமல் மாத்திரை கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். சாக்குகளை மடித்து மெத்தை போட்டேன். வழுக்கும் சிமெண்டுத் தரையில் கோணி விரித்தேன். தண்ணீரை வாய்க்கருகே வைத்தேன். ஆடி வரை இருந்தாள், வாலாட்டிக்கொண்டு இருந்தாள். ஒரு காலையில் அவளுக்குப் பிடித்த முட்டையைக்கூட முகர்ந்து பார்க்கவில்லை. டாக்டர் வீட்டுக்கே வந்து கடைசி ஊசி போட்டார். என் மடியில் தலை வைத்தபடி போய்ச் சேர்ந்தாள்.

பின்னால் சமாதானமாகி, ஜெபக்கூட்டத்தில் வாசிக்க இந்தச் சாட்சியை எழுதச் சொன்ன அதே மூப்பர், "நாய் செத்ததை விட்டுட்டு எழுதுப்பா," என்றார். விடமாட்டேன். அந்தச் சாவிலும் அவளுக்கு வலி இல்லை. அதற்காகத்தான் நான் ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

என் வலது கையில் நாலு பல் தடம் இருக்கிறது. ஜெபத்தில் கை உயர்த்தும்போதெல்லாம் கண்ணில் படும். அன்றிலிருந்து யார் வீட்டில் நோய் என்றாலும், மருந்து வேளைக்குப் போகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் முழங்கால் போடுகிறேன்.

நீங்களும் அவரை நம்புங்கள். கோபம் வந்தால் அவரிடமே போய்க் கத்துங்கள், அவர் தாங்கிக்கொள்வார். ஆனால் கத்தப் போகும் முன்னால் மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.