புல்தரையும் ஒரு சிரட்டை உப்பும்

எங்கள் வீட்டு முன்பக்க ஜன்னல் படியில் ஒரு சிரட்டை கவிழ்ந்து கிடக்கும். உள்பக்கம் வழவழவென்று தேய்ந்த, விளிம்பில் சின்ன வெடிப்பு விழுந்த பழைய தேங்காய்ச் சிரட்டை. எத்தனை தடவை கழுவினாலும் இரண்டு நாளில் அந்த வெடிப்புக்குள் வெள்ளையாக ஏதோ பூத்துவிடும். முதன்முதலில் இதை என் புல்தரையின் ஓரத்தில், தென்னையின் அடிமூட்டுக்குப் பக்கத்தில் கண்டெடுத்தேன். எடுத்த கையோடு அந்த வெள்ளையை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தை இன்று நினைத்தாலும் கூசுகிறது. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம் அது.

நான் கொஞ்சம் சந்தேகப் பேர்வழி. என் மனைவியைக் கேட்டால் 'கொஞ்சம்' என்ற சொல்லை எடுத்துவிடச் சொல்லுவாள். வளைகுடாவில் ஒரு பெரிய ஓட்டலின் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். கடைசி எட்டு வருடம் மேற்பார்வையாளன். தண்ணீருக்கே வழியில்லாத மணலில் புல் வளர்த்து, அதை வெட்டி, சீவி, கம்பளம் மாதிரி வைத்திருந்தவன். அங்கே ஒரு புல் பழுத்தாலும் யாரோ ஏதோ தவறு செய்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். ஒன்று தண்ணீர் திறக்கிறவன், இல்லையென்றால் உரம் போடுகிறவன். அந்தப் புத்தியை அங்கேயே விட்டுவிட்டு வராமல் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

கருங்கல் ஊரிலிருந்து மண்டைக்காட்டுக்குப் போகிற வழியில் எங்கள் குடும்பத்து மனை. பாகம் வைத்தபோது ரோட்டைப் பார்த்த முன்பக்கம் எனக்கும், பின்பக்கத்துப் பழைய வீடு அண்ணனுக்கும் வந்தது. நான் வளைகுடாவில் இருந்தபோதே அண்ணன் இறந்துபோனான். என்னால் வந்து முகம் பார்க்க முடியவில்லை. பின்வீட்டில் அண்ணன் மனைவி தனியாக இருந்தார். எங்கள் பக்கத்தில் மதினி என்று எழுதினாலும் வாயில் வருவது மைனிதான். இரண்டு மனைக்கும் நடுவில் ஒரு மதில், மதிலில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு இடைவாசல். கதவெல்லாம் கிடையாது. மீன்குழம்பும் கறிவேப்பிலையும் அந்த வழியாகத்தான் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் போய்க்கொண்டிருந்தன.

ஊருக்கு வந்து வீடு கட்டி முடித்ததும் நான் செய்த முதல் காரியம் முன்பக்கம் முழுக்கப் புல் பதித்தது. அங்கே ஏற்கனவே இரண்டு தென்னை நின்றன. அவற்றின் மூடு வரைக்கும் ஒட்டிப் பதித்தேன். அகல இலைப் புல், நம் ஊர் மழைக்கு ஒரே மாதத்தில் தரை தெரியாமல் மூடிவிட்டது. மதினி இடைவாசலில் நின்று பார்த்துவிட்டு, "வயலுல களையெடுத்துக் களையெடுத்து எனக்கு இடுப்பு போச்சு. நீ வெல குடுத்து வாங்கி நடுதியா மக்கா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. முன்பக்க மனை எனக்கு வந்ததில் மதினிக்கு உள்ளுக்குள் வருத்தம் உண்டு என்று நானாகவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அந்தச் சிரிப்பையும் அதன் பக்கத்திலேயே எழுதிக்கொண்டேன்.

வைகாசிப் பாதியில் வருகிற இடவப்பாதி மழை தொடங்கிய வாரம். இரண்டு தென்னையைச் சுற்றியும் புல் நுனி கருகத் தொடங்கியது. ஒரு வாரத்தில் வட்டமாக வைக்கோல் நிறம். மழை பெய்துகொண்டிருக்கிறது, ஊரே பச்சையாகக் கிடக்கிறது, என் புல் மட்டும் சாகிறது! வேர்ப்புழுவாக இருக்கும் என்று ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டிப் பார்த்தேன். ஒரு புழு கிடையாது. செத்த புல்லை மண்வெட்டியால் சதுரம் சதுரமாகச் சீவி எடுத்தேன். புதுச் செம்மண்ணும் சாணிப்பொடியும் கலந்து நிரப்பினேன். ஓரத்தில் செழிப்பாக நின்ற புல்லைப் பறித்து, வேரோடு சிறு சிறு குத்தாகப் பிரித்து, நாலு விரல் இடைவெளியில் நட்டு, பலகை போட்டு மிதித்தேன். சிமெண்ட் குழாய்க்குள் காங்கிரீட் நிரப்பி நானே செய்த உருளையை அதன்மேல் உருட்டினேன். மூன்று மாதம் ஆயிற்று வட்டம் மறைய. என் மனைவி, "பிள்ள வளத்தப்ப இதுல பாதி பாடு பட்டிருந்தியன்னா நல்லாயிருந்திருக்கும்" என்றாள்.

அடுத்த இடவப்பாதிக்கும் அதே இடம், அதே வட்டம். இந்த முறை மழை விட்ட ஒரு வெயிலில் மண்மேல் வெள்ளைப் படலத்தைப் பார்த்தேன். அங்கே, வளைகுடாவில், அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவன் நான். உப்புதான். சரி, யார்? இனயத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா சருவப் பாத்திரத்தை இறக்கி வைக்கிற இடம் தென்னை நிழல். உப்புத் தண்ணீரை அங்கே கொட்டுகிறார் என்று முடிவு கட்டி, இனிமேல் கேட்டுக்கு வெளியே நின்றே மீன் கொடுத்தால் போதும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உம்ம புல்லத் திங்கதுக்கா நான் கடப்பொறத்துலேந்து சொமந்துகிட்டு வாறேன்?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்கு எங்களுக்கு மீன் கொடுக்காமலேயே போய்விட்டார். மறுநாள்தான் சிரட்டை கிடைத்தது. சிரட்டை கிடந்தது இடைவாசலிலிருந்து நாலே எட்டில்.

போய்க் கேட்டிருக்கலாம். பத்தடி தூரம். "மைனி, இது உங்க சிரட்டையா?" என்று ஒரே ஒரு கேள்வி. கேட்கவில்லை. கேட்டால் இல்லையென்று சொல்லிவிடுவார், அப்புறம் ஜாக்கிரதையாகிவிடுவார் என்று நினைத்தேன். சந்தேகப்படுகிறவனுக்கு உண்மை தெரிய வேண்டும் என்ற ஆசை கிடையாது. தான் நினைத்தது சரியாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசை. மதினி என்ன செய்தாலும் எனக்கு அது சாட்சியாகத் தெரிந்தது. புல் கருகிய இடத்தை அவர் பார்த்தால், பார்த்து ரசிக்கிறார். பார்க்காமல் போனால், குற்றமுள்ள நெஞ்சு. என் மனைவி, "என்னத்தப் பேசுதிய? அவிய அப்பிடிச் செய்யக்கூடியவியளா?" என்று சண்டைக்கு வந்தாள். அவளும் அந்தக் கட்சி என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அவசரமும் இருந்தது. அடுத்த ஆவணியில் மகளுக்கு நிச்சயம் வைப்பதாகப் பேச்சு. மண்டபம் வேண்டாம், நம் புல்தரையிலேயே பந்தல் போட்டு நடத்தலாம் என்று சம்பந்தி வீட்டாரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன். அவர்கள் முன்னால் அந்தக் கருகல் வட்டங்களோடு நிற்பதா? கொத்தனாரைக் கூப்பிட்டேன். ஒரே நாளில் இடைவாசலைச் செங்கல் வைத்துக் கட்டிப் பூசியாயிற்று. மதினி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, கல் ஏற ஏற முகம் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். "எதுக்கு மக்கா அடைக்க?" என்று கேட்டார். "தெருநாயி வந்து புல்லப் பிறாண்டுது மைனி, அதான்" என்றேன். "செரி மக்கா" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மண்ணைக் கழுவினேன். செத்த இடத்தைச் சுற்றிச் சின்ன ஓடை வெட்டி, கிணற்றுத் தண்ணீரை நாலைந்து நாள் நிறுத்தி நிறுத்தி வடித்தேன். உப்பு இறங்கியதும் மறுபடி செம்மண், மறுபடி குத்துக் குத்தாக நடவு, மறுபடி உருளை. மறுவருடம் இடவப்பாதி வந்தது. தினமும் குனிந்து குனிந்து பார்த்தேன். ஒரு நுனிகூடக் கருகவில்லை. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று மனைவியிடம் கேட்டேன். மதினி வீட்டுக்குக் குழம்பு கொடுக்க அவள் ரோட்டைச் சுற்றிப் போய் வந்துகொண்டிருந்தாள். போகும்போதெல்லாம் கேட்டைப் படாரென்று சாத்துவாள்.

நிச்சயத்தன்று மதினி வருவாரா என்று எனக்கு உள்ளூர ஒரு பயம். வராவிட்டால் நாலு பேர் கேட்பார்களே என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை. வந்தார். ரோட்டைச் சுற்றி, விருந்தாளி மாதிரி முன்கேட்டு வழியாக, செருப்பைப் புல்லுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டு வந்தார். எல்லாம் முடிந்து சாப்பாட்டுப் பந்தி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் தென்னையின் பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மேலே ஓலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் போனபோது கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

"தம்பி, இந்த இடவப்பாதிக்குத் தெங்குக்கு உப்பு போட முடியல்ல கேட்டியா. நீ வாசல அடச்சிட்ட. ரோடு சுத்தி வந்து, நீங்க எந்திரிக்கதுக்கு முந்தி கேட்டத் தொறக்கது செரியில்லேன்னு விட்டுட்டேன். அடுத்த வருசம் நீயே போட்டிரு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்க எதுக்கு மைனி உப்பு போடணும்?" என்றேன். குரலில் கடுப்பு இருந்திருக்கும்.

"எதுக்கா? நல்லாக் கேட்ட போ! பிளேனு ஏறப் போற அன்னைக்கு இந்த ரெண்டு தென்னந்தையையும் நட்டுட்டு, 'மைனி, தெங்கு காய்க்க வருசந்தோறும் உப்பு போடணும், மறந்திராதீங்க'ன்னு எங்கிட்டச் சொல்லீட்டுப் போனது ஆரு? உங்கண்ணன் செத்த வருசம்கூட நான் விடல்ல. ஒரு மூட்டுக்கு ஆறு செரட்டை. நீ வந்ததுக்கு அப்புறம் நிறுத்தணும்னு சொல்லல்லியே. மூட்டுல புல்லு வேற கெடந்து உரத்த உறிஞ்சுது. உப்பு பட்டா அதும் சாவும், தெங்கு தெளியும்னு நெனச்சேன். முந்தின வருசம் செரட்டையக் காணாமப் போட்டுட்டேன், அதான் ஒரு வெசனம்."

ஓலைகள் ஆடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு குலையும் காய் தாங்காமல் சரிந்து நின்றது. நட்டதுவரை எனக்கு நினைவு வந்தது. ஈர மண், டாக்சி வந்து நின்றது, கையைக் கழுவக்கூட நேரமில்லாமல் ஏறியது. மதினியிடம் அப்படிச் சொன்னேனா? சொல்லியிருப்பேன். வாசலில் நின்று ஆளாளுக்கு எதையாவது சொல்லிவிட்டுப் போனவன்தானே. நான் சொல்லி மறந்ததை ஒருத்தி இருபத்து நாலு வருடம் செய்திருக்கிறாள். அதற்கு நான் கொடுத்த மரியாதை ஒரு சுவர். மேடையில் மகளைக் கூப்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. "செரி மைனி" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலையில் நானே கடப்பாரை எடுத்து அந்தச் சுவரை இடித்தேன். பாதி இடிந்தபோது அந்தப் பக்கம் மதினி வந்து நின்றார். கடப்பாரையைச் சாய்த்துவிட்டு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"பூசின சுவர எதுக்கு மக்கா இடிக்க? நாயி வருமே."

நான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? இந்த உலகத்தில் எல்லார்மேலும் சந்தேகப்பட்டவனுக்கு அந்த ஒரு சந்தேகம் மட்டும் இன்றுவரை தீரவில்லை. வாசல் திறந்தே கிடந்தது. அதற்குப் பிறகு ஐந்து வருடம் மதினி இருந்தார். எங்கள் வீட்டுக்கு வர வேண்டுமென்றால் முட்டுவலியோடு ரோட்டைச் சுற்றி முன்கேட்டு வழியாகத்தான் வந்தார். இடைவாசல் வழியாக ஒருநாளும் வரவில்லை. சிரட்டை என்னிடம்தான் இருக்கிறது என்று நானும் கடைசிவரை சொல்லவில்லை.

இந்த இடவப்பாதிக்கு மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். மருமகனுக்கும் புல்தரைப் பைத்தியம் உண்டு. காலையில் காப்பியோடு முற்றத்தில் இறங்கியவர் தென்னை மூட்டைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றார். "என்ன மாமா இது, வட்டமாக் கருகிக் கெடக்கு? யாரோ வேணும்னே என்னத்தையோ கொண்டு போட்டிருக்காவ. ஆரு பாத்த வேலை இது?" என்று கேட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கே பூட்டிக் கிடக்கும் வீடுதான் இருந்தது.

"நாந்தான்" என்றேன். சிரட்டையைக் கழுவி ஜன்னல் படியில் கவிழ்த்து வைத்தேன்.