சாயங்காலமானால் கவிழ்கிறவர்

எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. பீடி, சிகரெட், மூக்குப்பொடி, எந்தக் கண்றாவியும் கிடையாது. இத்தனை வருடமும் இதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அப்பேர்ப்பட்ட என்னைத்தான் சாயங்காலமானால் தண்ணி போடுகிற ஆள் என்று ஒரு குடும்பமே நம்பியது. அதுவும் என் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில்.

பசுமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் நான். வீடு திருமங்கலத்தில். காலையில் பஸ் ஏறும்போது என்னைப் பார்க்க வேண்டும், கல்யாண மாப்பிள்ளை தோற்றுப்போவான். சாயங்காலம் அதே ஆள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பார்த்தால், யாராவது கைத்தாங்கலாகக் கூட்டி வர மாட்டார்களா என்று இருக்கும். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் ஹாலில் கிடக்கும் சாய்வு நாற்காலியில் விழுவேன். "அஞ்சு நிமிசம் கண்ண மூடிக்கிறேன்" என்பேன். கண்ணைத் திறக்கும்போது ஒன்பது மணிக்கு மேல் ஆகியிருக்கும். எழுந்து தட்டு நிறையச் சாப்பிட்டுவிட்டு, அதற்கப்புறம் தூக்கம் வராமல் போனை நோண்டிக்கொண்டு கிடப்பேன். மறுநாளும் இதே கதைதான்.

இதை நான் ஒரு குறையாகவே நினைத்ததில்லை. நாள் பூராவும் பிள்ளைகளோடு கத்துகிறவன், களைப்பு வரத்தானே செய்யும்? கொழுந்தியா வீட்டுக் காதுகுத்துக்குப் போய், மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் வாயைப் பிளந்து நான் தூங்கியதை யாரோ போட்டோ எடுத்து சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டார்கள். ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. போட்டவன் யார் என்று தெரிந்தால் தோலை உரித்துவிடுவேன் என்று குதித்தேன். தூங்கினவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பாருங்கள்.

மாப்பிள்ளை வீடு திருவாதவூர்ப் பக்கம். விவசாயக் குடும்பம். பையன் மதுரையில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பொண்ணு பார்த்தார்கள். பஜ்ஜி, கேசரி, காபி எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மகளுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. அவள் அதை என்னிடம் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி, அவர்கள் வீட்டிலிருந்து போன் ஏதும் வந்ததா என்று அவள் அம்மாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டாளாம். அந்த நேரத்தில் நான் நாற்காலியில் கிடந்ததால் எனக்கு அது மறுநாள் காலையில்தான் தெரியும்.

எங்கள் பக்கத்தில் பொண்ணு பார்த்ததோடு எதுவும் முடிந்துவிடாது. அதற்கப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் நம் தெருவுக்கே வந்து, டீக்கடையில், பலசரக்குக் கடையில், இஸ்திரி போடும் இடத்தில் குடும்பத்தைப் பற்றி விசாரிப்பார்கள். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. என் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நானும் இதையேதான் செய்தேன். விசாரித்துவிட்டுப் போனவர்களிடமிருந்து பேச்சு மூச்சில்லை. ஒரு வாரம் போனது, இன்னொரு வாரமும் போனது. மகள் முகம் சின்னதாகிக்கொண்டே வந்தது. சம்பந்தம் கொண்டுவந்த என் பெண்டாட்டியின் தம்பி ஒரு நாள் காலையிலேயே வந்து உட்கார்ந்தான்.

"மச்சான், ஒண்ணு கேப்பேன், தப்பா நெனைக்கக் கூடாது."

"கேளு மாப்ள."

"சாயங்காலத்துல லேசா… ஏதும் பழக்கம் இருக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எவன்டா சொன்னான்?" என்று கத்திய கத்தலில் அடுப்படியிலிருந்து பெண்டாட்டி ஓடி வந்தாள்.

"உங்க தெருமுனை டீக்கடையில விசாரிச்சிருக்காங்க மச்சான். 'வாத்தியாரா, தங்கமான மனுசனாச்சே! என்ன, பாக்கணும்னா காலையில வாங்க. சாயங்காலம் ஏழு மணிக்கெல்லாம் கவுந்துருவாரு'ன்னு சொல்லிருக்காரு."

கவுந்துருவாரு. எங்கள் ஊரில் குடித்துவிட்டு ரோட்டில் விழுகிறவனுக்கும் அந்த வார்த்தைதான், அலுத்துப்போய்த் தூங்குகிறவனுக்கும் அந்த வார்த்தைதான். அவர் சொன்னது ஒன்று, இவர்கள் காதில் விழுந்தது வேறு. அவர்களையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் மூத்த பெண்ணை ஒரு குடிகாரனுக்குக் கட்டிக்கொடுத்து, இப்போது அவள் கைப்பிள்ளையோடு அம்மா வீட்டிலேயே வந்து கிடக்கிறாளாம். அதற்கப்புறம் எந்த வீட்டில் கால் வைத்தாலும் முதலில் அவர்கள் கேட்பது இதைத்தானாம்.

சட்டையை மாட்டிக்கொண்டு நேராக டீக்கடைக்குப் போனேன்.

"ஏண்ணே, என் மக வாழ்க்கையில மண்ண அள்ளிப் போட்டுட்டீங்களே!"

அவர் பால் சட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நான் என்ன சார் இல்லாததச் சொன்னேன்? நீங்க கவுந்துர்றது இல்லையா?"

பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

பெண்டாட்டி அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "குடிக்கலன்னு வீடு வீடாப் போயி சத்தியமா பண்ண முடியும்? அவுங்க இன்னொரு தடவ வருவாங்க. சொல்லிட்டு வர மாட்டாங்க, சாயங்காலமாப் பாத்துத்தேன் வருவாங்க. அன்னைக்கு நீங்க முழிச்சிருக்கணும். அம்புட்டுத்தேன்" என்றாள். அவள் தம்பியும் தலையை ஆட்டினான். மகள் கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற பெண்ணின் கல்யாணத்துக்காக ஒரு மனிதன் நகையைச் சேர்ப்பான், நிலத்தை விற்பான். என்னிடம் கேட்கப்பட்டதெல்லாம் தூங்காமல் இருக்க வேண்டும் என்பதுதான். அதை என்னால் செய்ய முடியுமா என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் நம்பிக்கை இல்லை. எனக்கும்தான்.

முதல் நாள் வைராக்கியத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முகத்தில் தண்ணீர் அடித்தேன், ரெண்டு டீ குடித்தேன். ஏழரைக்குக் கவிழ்ந்துவிட்டேன். மறுநாளே பெண்டாட்டி என்னை இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள்.

"காலையில என்ன சாப்பிடுவீங்க?"

"டீ மேடம். பஸ்ஸுக்கு நேரமாயிரும்."

"அப்புறம்?"

"பள்ளிக்கூடத்துல இன்னொரு டீ, பிஸ்கட்டு. மத்தியானம் சோறு."

"எவ்வளவு சோறு?"

"டிபன் கேரியர்ல ஒரு அடுக்கு" என்றேன். பெண்டாட்டி குறுக்கே விழுந்து, "ஒரு அடுக்கு இல்ல மேடம். சாம்பாருக்கு ஒண்ணு, ரசத்துக்கும் தயிருக்கும் சேத்து ஒண்ணு. நடுவுல ஒரு கிண்ணம் உருளைக்கிழங்கு வறுவல்" என்று போட்டுக்கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டு வடையையும் அவளே சொன்னாள். எனக்கு மானம் போனது.

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, ரத்தமும் கம்மி என்றார். "காலையில பட்டினி கிடந்துட்டு மத்தியானம் இம்புட்டுச் சோத்த உள்ள தள்ளுனா உடம்பு வேற என்ன செய்யும்? சாயங்காலம் ரெண்டு மூணு மணி நேரம் தூங்குறீங்க, அதனால ராத்திரி தூக்கம் கெடுது. ராத்திரி கெட்டதால மறுநாள் சாயங்காலம் விழுந்துர்றீங்க. இது களைப்பு இல்ல சார், நீங்களாப் பழகிக்கிட்டது" என்றார். மாத்திரை கொடுத்தால் விழுங்கிவிட்டுப் போயிருப்பேன். பழக்கத்தை மாற்று என்று சொன்னதுதான் கசந்தது.

மறுநாளிலிருந்து காலையில் கேப்பைக்கூழும் ரெண்டு இட்லியும் வாய்க்குள் போகாமல் வாசலைத் தாண்ட முடியாது. அடுக்கில் சோறு பாதியானது, கீரையும் பயறும் ஏறின. சாப்பிட்டதும் பள்ளிக்கூட மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி நடக்க வேண்டும். நாலு மணிக்கு மேல் டீ கிடையாது, ஒரு டப்பா சுண்டல்தான். ராத்திரி பத்து மணியானால் போன் பெண்டாட்டி கைக்குப் போய்விடும்.

அந்த முதல் வாரத்தை நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது. தலைவலி மண்டையைப் பிளந்தது. சுண்டல் டப்பாவைப் பார்த்து, "தெனமும் கொண்டக்கடலையத் திங்க நான் என்ன குதிரையா?" என்று எரிந்து விழுந்தேன். சாம்பாரில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினேன். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அப்புறம் அந்த வாழைக்காய் பஜ்ஜி. ஒரு வெள்ளிக்கிழமை, திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினதும் எண்ணெய் வாசனை மூக்கைத் துளைத்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, களவாணி மாதிரி ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் நின்று, ஒரு தட்டு பஜ்ஜியையும் ஸ்ட்ராங்காக ஒரு டீயையும் உள்ளே தள்ளினேன். வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். உட்கார்ந்ததுதான் தெரியும். கண் விழித்தபோது எதிரே பெண்டாட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"மீசையில எண்ணெ மணக்குது" என்றாள். "வாசல்ல ஒரு கார் வந்து நின்னுச்சு. அவுங்கதேன் வந்துட்டாங்களோன்னு உங்கள உலுக்குனேன், அசையல. உங்க மக பயந்துபோயி மாடிக்கு ஓடிட்டா. நல்லவேள, பக்கத்து வீட்டுக்கு வந்த காரு."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. மாடிக்குப் போய் மகளைப் பார்க்கத் தைரியமில்லை. படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அதற்கப்புறம் நான் பஜ்ஜிக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

உடம்பு மெல்ல வழிக்கு வந்தது. ராத்திரி படுத்ததும் தூக்கம் வந்தது. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கால் தரையில் உறுதியாக நின்றது. ஏழு மணிக்கு நான் குத்துக்கல்லாக உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்து, பால் ஊற்ற வந்தவர், "என்ன சார், லீவா?" என்றார்.

அவர்கள் வந்தது ஒரு புதன்கிழமை. விளக்கு வைத்து முக்கால் மணி நேரம் இருக்கும். பையனின் அப்பா, அம்மா, கூடவே என் பெண்டாட்டியின் தம்பி. "திருமங்கலத்துல ஒரு விசேசம், அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போகலாம்னு" என்றார் பையனின் அப்பா. புதன்கிழமை சாயங்காலம் என்ன விசேசம் என்று நான் கேட்கவில்லை. எழுந்து போய் வாசலிலேயே கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். அவர் எதிரே உட்காராமல், சோபாவில் என்னை ஒட்டி உட்கார்ந்தார். மழை உண்டா, பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டுக்கொண்டே முகத்தை என் முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுவந்தார். மோந்து பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. வேறு நேரமாக இருந்தால் எழுந்திருங்கள் என்று சொல்லியிருப்பேன். மகளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு, வாயை நன்றாகத் திறந்தே பதில் சொன்னேன். என் வாயில் சுண்டலுக்குப் போட்ட பெருங்காயம்தான் மணத்திருக்கும்.

அந்தப் பக்கம் பையனின் அம்மா என் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"என்ன தாயி சொன்ன? காதுல விழலையே."

மகள் மறுபடி சொன்னாள்.

"ஏத்தா, அன்னைக்கு வெக்கத்துல பேசலன்னு நெனச்சேன். எப்பவுமே இம்புட்டு மெதுவாத்தேன் பேசுவியா? எங்க வீட்டுல மாடும் கத்தும், மனுசரும் கத்துவோம்."

நான் முந்திக்கொண்டேன். "எங்க பிள்ள அதிர்ந்து பேசாதும்மா. அம்புட்டு அடக்கம்" என்றேன், பெருமை பொங்க.

மகள் சிரித்தாள். கள்ளம் கபடம் இல்லாத சிரிப்பு. "அடக்கமெல்லாம் இல்ல அத்தை. சின்னப் பிள்ளையில இருந்தே சாயங்காலமானா அப்பா ஹால்ல தூங்குவாங்க. சத்தம் கேட்டு முழிச்சா கோவப்படுவாங்க. அதனால அம்மாவும் நானும் இப்படியே பேசிப் பழகிட்டோம்."

பையனின் அப்பா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அடக் கொடுமையே! கவுந்துருவாருன்னு அந்த டீக்கடைக்காரரு சொன்னது இந்தக் கவுர்றதத்தேனா!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அந்த அம்மா, "அண்ணே, நாங்க தப்பா நெனச்சிட்டோம், மன்னிச்சிருங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். பெண்டாட்டியின் தம்பி முகத்தில் அத்தனை பல்லும் தெரிந்தது. பெண்டாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போட ஓடினாள். வருகிற முகூர்த்தத்தில் பூ வைத்துவிடலாம் என்று அங்கேயே பேசி முடித்தார்கள்.

நானும் சிரித்தேன். காது ரெண்டும் கொதித்தது. குடிகாரன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் இல்லை என்று சண்டை போட்டிருப்பேன். இதற்கு என்ன சண்டை போட? பிள்ளைக்கு அடக்கம் என்று நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது என்னைப் பார்த்த பயம். தன் வீட்டில் தன் குரலில் பேசாமலே ஒரு பெண் வளர்ந்து, கல்யாணம் ஆகி, போகவும் போகிறாள்.

அவர்களைக் கார் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தேன். மகள் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"இனிமே சத்தமாவே பேசும்மா" என்றேன். "அப்பா தூங்க மாட்டேன்."

நிமிர்ந்து பார்த்தாள். "சரிப்பா" என்றாள். அவள் உதடு அசைந்ததை வைத்துத்தான் அது எனக்குத் தெரிந்தது.