நீலக் குளவி

மஞ்சள் காலும் நூல் போன்ற இடுப்பும் இருந்தால் அது கூடு கட்டுகிற குளவி. உடம்பெல்லாம் நீலமாக மினுங்கினால் அது பிறர் கட்டிய கூட்டில் குடியேறுகிற குளவி. இரண்டும் தனியாகத்தான் வரும், கூட்டமாக வராது. குளவியைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதையும் நான் ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை.

அப்போது பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் ஒரு பலகை வீட்டில் இருந்தோம். நிலத் தகராறு என்று அப்பா தமிழ்நாட்டுக்கு, ஊருக்குக் கப்பலேறி ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அம்மா பாசார்ச் சந்தைக் கடைகளுக்கு மசாலா அரைத்துக் கொடுத்துக் குடும்பத்தை ஓட்டினாள். எந்நேரமும் கையில் மிளகாய் எரிச்சல், இடுப்பில் வலி. அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

ஒருநாள் சாமி படத்துக்குப் பின்னால் ஒரு குளவி போய்வருவதைப் பார்த்தேன். எட்டிப் பார்த்தால் மண் கூடு. அடுத்த வீட்டு அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"வீட்டுல குளவி கூடு கட்டுனா புள்ள பொறக்கப் போவுதுன்னு அர்த்தம்லா," என்றாள் அவள், சிரிக்காமல்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்த வாரம்தான் அத்தை, அப்பாவின் அக்கா, ஊருக்குக் கப்பலேற எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். பெட்டி கட்டிக்கொண்டிருந்தவளிடம் போய், "அப்பாகிட்டச் சொல்லுங்க அத்தை, நமக்குத் தம்பிப் பாப்பா வரப் போவுது," என்றேன்.

அத்தை கூட்டைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் வயிற்றைப் பார்த்தாள். அன்று அவள் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மறுநாள் காலை அம்மாவிடம், "அவன்கிட்டப் போயி நான் என்னன்னு சொல்ல?" என்று கேட்டாள்.

அம்மா அம்மியை விட்டு எழுந்து கையைக் கழுவினாள். கோபப்படவில்லை, கோபப்படவும் தெம்பு வேண்டுமே. "அண்ணி, கூடு கட்டுறது மஞ்சக் காலுக் குளவி. இது நீலம். இதுக்குக் கட்டத் தெரியாது. தண்ணியக் கொண்டாந்து பழைய கூட்ட நனைச்சு ஒண்டிக்கும், அம்புட்டுதான். அந்தக் கூடு ஒங்க தம்பி இங்க இருந்தப்பவே மஞ்சக் காலு கட்டுனது."

"நான் பாக்குறேன்," என்ற அத்தை, படத்துக்கு எதிரே மணைப் பலகையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

குளவி வந்தது, போனது. ஒவ்வொரு தடவையும் அத்தை கழுத்தை நீட்டி அதன் காலையும் வாயையும் பார்த்தாள். மண் உருண்டை வருகிறதா என்று நானும் பார்த்தேன். வரவேண்டுமென்று சாமியை வேறு கும்பிட்டுக்கொண்டேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் மல்லியை அரைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அம்மிக்குழவி நடுநடுவே நின்று நின்று ஓடியது.

வெயில் ஏறிய பிறகு அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நீலந்தான்," என்றாள். பிறகு, "சோறு இருக்கா?" என்றாள். அவள் கேட்ட மன்னிப்பு அதுதான். அம்மா தட்டு எடுத்து வைத்தாள்.

கப்பல் நாளன்று அத்தையின் பெட்டியை அம்மாதான் துறைமுக ஜெட்டி வரை தலையில் சுமந்தாள். அத்தை என் கன்னத்தைக் கிள்ளி, அம்மாவிடம், "ஒடம்பப் பாத்துக்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சாமி படத்தைக் கழற்றினாள். விளக்குமாற்றுக் கட்டையால் கூட்டை ஒரே இடியாக இடித்தாள். தம்பிப் பாப்பா போச்சே என்று நான் தரையில் புரண்டு அழுதேன். அவள் என்னை அதட்டவில்லை. உதிர்ந்த மண்ணுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவளும் அழுதாள்.

அம்மாவுக்கும் அந்தப் பாப்பா மேல் இவ்வளவு ஆசையா என்று எனக்குப் பாவமாகிவிட்டது. என் அழுகையை நிறுத்திவிட்டு அவள் முதுகைத் தடவினேன். "அழாதம்மா. வேற குளவி வரும்லா," என்றேன்.

அதைக் கேட்டதும் அவள் அழுகை கூடியதே தவிரக் குறையவில்லை. அது ஏனென்று விளங்க, எனக்குக் கல்யாணமாகி ஒரு நாத்தனார் வாய்க்க வேண்டியிருந்தது.