பூஜை அடுக்கில் அத்தையின் பட்டு

பூட்டிய வீட்டைத் திறக்கும்போது இன்றும் சத்தமாக ஏதாவது பேசிக்கொண்டேதான் உள்ளே போகிறேன். உள்ளே யாரும் இல்லை, நான் மட்டும் இருக்கிற வாடகை வீடு. "ஆள் இல்லாத ஊட்டுக்குள்ள கம்முனு போவாதடி, ஊட்டுக்கும் பேஜாராப் பூடும்" என்று அத்தை பழக்கிவிட்டது. பக்கத்து வீட்டில் எனக்கு மரை கழன்றுவிட்டதாகப் பேச்சு. பேசிவிட்டுப் போகட்டும்.

என்னைப் பெற்ற கையோடு அம்மா இறந்துபோனாள். அப்பாவின் தங்கைதான் என்னை வளர்த்தாள். அப்பாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. வீட்டில் இருந்தால் தூங்குவார். எனக்கு எல்லாம் அத்தைதான்.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அவளைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளைக்குத் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் வேலை. லீவு குதிரைக் கொம்பு. அதனால் கம்பெனி மூடியிருக்கும் ஆயுத பூஜையன்றே சாயங்காலம் வருகிறார்களாம். அத்தை போய்விட்டால் பள்ளி விட்டு வந்து நான் யாரோடு பேசுவது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நானே யோசித்தேன்.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக் கூடாது. கணக்குப் புத்தகத்தை அடுக்கின் அடியில் வைத்து வருஷாவருஷம் அந்தச் சட்டத்தின் பலனை அனுபவித்தவள் நான். அன்று காலை அப்பாவின் ஸ்பானர்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டு அத்தை பூ வாங்கப் போனாள். அவளுடைய ஒரே பட்டுச்சேலையை எடுத்து என் புத்தகங்களுக்கு நடுவே செருகினேன். பட்டு இல்லாத பெண்ணை யார் பார்ப்பார்கள்?

திரும்பி வந்தவள், நீட்டிக்கொண்டிருந்த ஜரிகையைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாடி இது?"

"சாமிகிட்ட வச்சாச்சு. எடுத்தா எனக்குப் படிப்பு வராது."

முதுகில் ஒன்று விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அவள் ஜரிகையை உள்ளே தள்ளி, புத்தகங்களை நேராக்கி, மேலே பூ வைத்தாள். அதற்குப் பிறகுதான் அப்பா எழுந்து, குளித்து, தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார். சாயங்காலம் பட்டு எங்கே என்று அவர் குதித்தபோது, "நாந்தாண்ணா மறந்தாப்ல பூஜையில வச்சிட்டேன். எடுக்கக் கூடாதே, இன்னா பண்றது?" என்றாள்.

பழைய பருத்திச் சேலையில்தான் வந்து காபி கொடுத்தாள். "பொண்ணு சிம்பிளா கீது" என்று மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். என் திட்டம் மண்ணைக் கவ்வியது. தை மாதம் கல்யாணமாகி அத்தை சோழவரத்துக்குப் போனாள். வீட்டுச் சாவி என் கழுத்துக்கு வந்தது. கொஞ்ச நாள் அழுதேன், பிறகு அழவும் அலுத்துவிட்டது.

எனக்கு அடி விழக்கூடாதென்று பொய் சொன்னாள் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். போன வருஷம் அத்தை இறந்துபோனாள். இந்த ஆயுத பூஜைக்கு நான் தனியாக லேப்டாப், புத்தகம் எல்லாம் அடுக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் போன் சார்ஜர் தேவைப்பட்டது, அடுக்கிலிருந்து உருவினேன். அப்போதுதான் உறைத்தது. கற்பூரம் காட்டும்வரை அது வெறும் அடுக்குதானே. எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். எனக்கு அன்று அது தெரியாது. வருஷாவருஷம் பூஜைக்கு எடுத்துவைத்த அத்தைக்குத் தெரியாதா?

அவளுக்கும் போக மனமில்லை. அதைச் சொல்ல அந்த வீட்டில் அவளுக்கு என்னைவிட்டால் ஆள் இல்லை. எனக்கோ எட்டு வயது.